ஐந்தேகால் பஸ் தீர்மானம்

எதிர்க்கட்சியில் உட்கார ஒருவருக்கும் மனசில்லை. அரசியல் அறிவியல் எடுக்கும் அரிகிருஷ்ணன் சார் கரும்பலகையில் 'மாதிரி நாடாளுமன்றம்' என்று எழுதிப்போட்டு, யாருக்கு என்ன பதவி வேண்டும் என்று கேட்ட மாத்திரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் மந்திரிசபையில் சேர்ந்துகொண்டது. நிதித்துறைக்கு அடிதடி. ரயில்வேயைக் கேட்டு ஒருவன் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றான். செஞ்சிக்கு ரயில் கிடையாது என்பதை அவன் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பிரதமர் பதவி பிரவீணாவுக்குப் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. கடைத்தெருவில் பெரிய மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள். பேச்சுப் போட்டி என்றால் பள்ளிக்கூடத்தின் சார்பில் போகிறவள் அவள்தான். குரல் உடைந்து கனத்திருந்த தினேஷ்குமார் சபாநாயகர் ஆனான்.

"எதிர்க்கட்சித் தலைவர் யாருப்பா?" என்று சார் கேட்டபோது வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது.

கடைசிப் பெஞ்சிலிருந்து இளவேனில் எழுந்தாள். "சார், எதிர்க்கட்சின்னா இன்னா சார் வேல?"

"கேள்வி கேக்கறதும்மா. நீ கேட்டா மந்திரி எழுந்து பதில் சொல்லியே ஆகணும். தப்பிச்சிப் போக முடியாது."

"சொல்லியே ஆவணுமா?"

"ஆகணும். அதுக்குத்தான் அந்தச் சபையே இருக்குது."

"அப்ப நான் இருக்கறேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்வதைத் தவிர அவள் வாய் திறந்து அந்த வகுப்பு கேட்டதில்லை. ஆனால் இளவேனில் சிரிக்கவில்லை. அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. ஜூலை மாதத்திலிருந்து தொண்டையில் மீன்முள் போல அது நின்றுகொண்டிருந்தது.

அவள் ஊர் பாறைமேடு. தளவானூரையும் தாண்டி உள்ளே போகவேண்டும். சாயங்காலத்தில் அந்த ஊருக்கு ஒரே ஒரு டவுன் பஸ். ஐந்தேகாலுக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிவிடும். பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு என்று ஜூலையில் ஆரம்பித்தார்கள். அது முடிய ஐந்தே முக்கால் ஆகும். அதற்கப்புறம் விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஏறி, பாறைமேட்டுக்குப் பாதை பிரியும் கூட்ரோட்டில் இறங்கி, அங்கிருந்து உள்ளே நடக்கவேண்டும். வழியெல்லாம் சவுக்குத் தோப்பு. பாதி வழியில் ஒரு ஒயின்ஷாப். விளக்கு அந்த ஒயின்ஷாப் வாசலில் மட்டும்தான் எரியும்.

ஜூன் மாதம் வரைக்கும் அந்த ஐந்தேகால் பஸ்ஸில் கூட வர ஷோபனா இருந்தாள். சிறப்பு வகுப்பு என்றதும் அவள் வீட்டில் படிப்பை நிறுத்தி அவலூர்பேட்டையில் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இளவேனிலின் அப்பா பூபதி, மல்லாட்டை என்னும் நிலக்கடலையைப் பிடுங்கி முடிந்ததும் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விடுவார். அதனால் அம்மா மங்கைதான் பால் கறந்து ஊற்றிவிட்டு, கையில் டார்ச் விளக்கோடு கூட்ரோடுவரை நடந்து வந்து மகளைக் கூட்டிப்போனாள். இரண்டு பேரும் ஒயின்ஷாப் பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, வேகமாக நடப்பார்கள்.

முதல் இரண்டு கூட்டத்தொடரும் சென்னையிலிருந்து வந்த கையேட்டின்படி நடந்தன. ஒருவர் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்டார்; மந்திரி துணிப்பை கொண்டுவரச் சொன்னார். ஒருவர் மழைநீரைப் பற்றிக் கேட்டார். மந்திரி சேமிக்கச் சொன்னார். அரிகிருஷ்ணன் சாருக்கு அது அலுத்துவிட்டது. மூன்றாவது தடவை கையேட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இதப் படிச்சி ஒப்பிக்கறதுக்குப் பேரு பாராளுமன்றம் இல்ல. உங்களுக்கு நெஜமா என்ன கஷ்டமோ அதக் கேளுங்க. இந்தச் சபையில ஓட்டுப் போட்டு நிறைவேத்துனா, அதுக்கு ஒரு மரியாதை உண்டு."

சார் அதை மனசாரத்தான் சொன்னார். அந்தப் பேச்சில் சூது எதுவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய ஹாலில் பெஞ்சுகளை எதிரும் புதிருமாகப் போட்டார்கள். தினேஷ்குமார் நடுவில் உட்கார்ந்து, டஸ்டரால் மேஜையைத் தட்டி, "எதிர்க்கட்சித் தலைவர் தம் தீர்மானத்தை முன்மொழியலாம்" என்றான்.

இளவேனில் எழுந்தாள். எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே! மாலைச் சிறப்பு வகுப்பைக் காலை நேரத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது பாறைமேடு செல்லும் பேருந்தை ஆறு மணிக்கு இயக்க வேண்டும் என்று இந்த அவை தீர்மானிக்கிறது."

பிரவீணா பிரதமராக எழுந்தாள். நல்ல தோரணை. "மாண்புமிகு எதிர்க்கட்சித் தலைவர் ஒன்றை மறந்துவிட்டார். தேர்ச்சி விகிதம் உயர வேண்டும் என்பதற்காகவே அரசு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு சிலருடைய சௌகரியத்துக்காக மாணவர்களின் எதிர்காலத்தைப் பலிகொடுக்க முடியுமா?"

ஆளுங்கட்சி மேஜையைத் தட்டியது.

"சௌகரியமா?" என்றாள் இளவேனில். கையிலிருந்த தாளை மறந்துவிட்டாள். "இன்னா சௌகரியம்? நீ அஞ்சே முக்காலுக்கு வுட்டா ஆறு மணிக்கு வூட்ல காபி குடிப்ப. எங்கம்மா மாட்டக் கட்டிட்டு ரோட்டுக்கு வந்து நிக்கிது. அது நிக்கற எடத்துல குடிக்கறவங்க வந்து 'எவ்ளோ'ன்னு கேட்டுட்டுப் போறாங்க. எங்கம்மாவ! அது என்கிட்ட சொல்லல. நானே ஒரு நாள் பஸ்ல இருந்து எறங்கறப்ப காதால கேட்டேன். அதுக்கப்புறம் எனக்குப் படிப்பே ஏறல. புக்கத் தொறந்தா அந்த ஆளு குரலுதான் கேக்குது. நான் ஒண்ணும் படிக்க மாட்டேன்னு சொல்லல. காலைல ஆறு மணிக்கு வரச் சொன்னாகூட வரேன்."

கடைசி வாக்கியத்துக்கு முன்னால் அவள் ஒரு கணம் நின்றாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது, விழுங்கினாள்.

பிரவீணா பதில் சொல்ல எழுந்தாள். தன் தாளை மடித்துக்கொண்டே, "அரசு இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கிறது" என்றாள். ரயில்வே மந்திரி, "நானும்" என்று கத்தினான்.

"ஏற்போர் ஆம் என்க" என்றான் தினேஷ்குமார்.

"ஆம்!" சுவரில் இருந்த பல்லிகூட ஓடியிருக்கும், அப்படி ஒரு சத்தம்.

"மறுப்போர் இல்லை என்க."

ஒரு குரலும் எழவில்லை. "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது." டஸ்டர் அடித்ததில் சாக்பீஸ் தூள் பறந்து சபாநாயகர் தும்மினார். அரிகிருஷ்ணன் சார் கதவோரம் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று கூட்ரோட்டில் இறங்கியதும் இளவேனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், குடிகாரன் அம்மாவிடம் கேட்டதைத் தவிர. பெங்களூரிலிருந்த அப்பாவுக்கும் போன் போட்டாள். "எல்லாரும் கத்துனாங்க நைனா. ஒருத்தர்கூட இல்லன்னு சொல்லல."

"அப்டியா! எங்கூட்டுப் பொண்ணு சட்டம் போட்டுடுச்சி" என்று அவர் சிரித்தார். பின்னால் கலவை மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

திங்கள்கிழமை சிறப்பு வகுப்பு மாலையிலேயே நடந்தது. செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை அவள் சாரிடம் போனாள். சார் அவளைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை ஜானகி மேடத்தின் அறைக்குப் போனார். தீர்மானத்தைச் சொன்னார்.

மேடம் கெட்டவர் அல்ல. இளவேனிலை உட்காரச் சொன்னார். "ரொம்ப நல்லா பேசினியாமே. வெரி குட். ஆனா அது மாதிரி நாடாளுமன்றம்மா. மாதிரி."

"ஓட்டுப் போட்டோம் மேடம்."

"போட்டீங்க. பழகறதுக்காகப் போட்டீங்க. நாளைக்குப் பெரியவளாகி நெஜமா போடறப்ப உதவும். போன வருஷம் ரிசல்ட்டு வந்தப்ப விழுப்புரத்துல மீட்டிங்ல என்னை எழுப்பி நிக்க வெச்சாங்க, தெரியுமா? ஐம்பது பேருக்கு முன்னால. அவங்க என்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு, பர்சென்டேஜ் எவ்ளோன்னு."

"காலையில வெக்கலாமே மேடம்" என்றார் சார்.

"காலையில டீச்சர்ஸ் யாரு வருவா? பாதிப் பேரு திண்டிவனத்துல இருந்து வராங்க. நீங்க ஒருத்தர் வருவீங்க."

"எனக்கு மட்டும் அஞ்சு மணிக்கு வுட்டுடுங்க மேடம்."

"உனக்கு விட்டா, பஸ்ல வர்ற எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா." மேடம் பெருமூச்சு விட்டார். "பஸ்ஸுக்கு வேணா எழுதிப் போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதிப் போட்டார்கள். வகுப்பு முழுக்கக் கையெழுத்திட்டது. சில வாரம் கழித்துப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து பதில் வந்தது. அந்த நேரத்தில் அந்தத் தடத்தில் போதிய பயணிகள் இல்லையாம். சார் வராண்டாவில் நின்று அதை அவளுக்குச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல், எதிரே ராஜகிரிக் கோட்டையில் ஏறிக்கொண்டிருந்த டூரிஸ்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதிய பயணின்னா எவ்ளோ பேரு சார்?"

"தெரியலம்மா."

"ஷோபனா நின்னுட்டா. பஸ்ஸு இருந்தா அவளும் பயணிதானே சார்."



அந்த விஷயம் அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மாவட்ட அளவில் மாதிரி நாடாளுமன்றப் போட்டி என்று சுற்றறிக்கை வந்தது. எந்தத் தலைப்பை எடுப்பது என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டபோது, ஜானகி மேடம், "அந்தப் பஸ் விஷயம் எடுங்களேன். எல்லாரும் சொன்னாங்களே, கேட்டவங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிடுச்சின்னு" என்றார்.

அரிகிருஷ்ணன் சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அவரே இளவேனிலைக் கூப்பிட்டுச் சொன்னார். "எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குது. ஆனா யோசிச்சிப் பாத்தேன். அங்க பெரிய பெரிய அதிகாரிங்க வருவாங்க. மனுவத் தூக்கிக் குப்பையில போடலாம். நேரா உட்காந்து கேட்டா, காதுல விழாம போகுமா?"

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

ஒத்திகை சிறப்பு வகுப்புக்கு அப்புறம் நடந்தது. பஸ் போதவில்லை என்ற தீர்மானத்துக்கு ஒத்திகை பார்ப்பதற்காக, அவள் ஏழு மணி விழுப்புரம் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். அன்றைக்குத் தானாக வாயில் வந்த பேச்சைச் சார் தாளில் எழுதித் திருத்தியிருந்தார். 'எவ்ளோன்னு கேட்டுட்டுப் போறாங்க' என்ற இடத்தை மேடம் அடித்துவிட்டு, 'சமூக விரோதிகளின் தொல்லை' என்று போட்டார். தினமும் அதையே சொல்லிச் சொல்லி, ஒரு வாரத்தில் அந்த வார்த்தைகள் அவளுக்கே யாரோ சொல்வதுபோல் ஆகிவிட்டன. ஆனால் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் நிற்கும் இடத்தில் மட்டும், ஒவ்வொரு தடவையும், எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் அவளால் பேச முடிந்தது.

கார்த்திகை மாதம். மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சாயங்காலம். கூட்ரோட்டில் இறங்கியபோது அம்மாவைக் காணவில்லை. வீட்டில் மாடு கன்று போடும் நேரம். கன்று குறுக்கே மாட்டிக்கொண்டதால், மங்கை வைத்தியருக்கு ஆள் அனுப்பிவிட்டு மாட்டை விட்டு நகர முடியாமல் கிடந்தாள். அது இளவேனிலுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. மூடியிருந்த பெட்டிக்கடை ஓரம் சிறிது நேரம் நின்றாள். ஒரு லாரி நின்று, டிரைவர் எட்டிப் பார்த்தான். அங்கே நிற்பதைவிட நடப்பது மேல் என்று தோன்றியது. நடந்தாள்.

ஒயின்ஷாப்பைத் தாண்டியதும் பின்னால் ஒரு பைக் வந்தது. இரண்டு பேர். பக்கத்தில் உருட்டிக்கொண்டே, "எந்த ஊரும்மா? உக்காரு, வுட்டுடறோம்" என்றான் ஒருவன். அவள் பேசாமல் நடந்தாள். பின்னால் இருந்தவன் பையைப் பிடித்தான். பையை விட்டாள். துப்பட்டாவைப் பிடித்தான். அதையும் விட்டாள். சவுக்குத் தோப்புக்குள் ஓடினாள். ஓடி, விழுந்து, அங்கேயே ஈரத்தில் முகம் புதைத்துக் கிடந்தாள். அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒருவன் டார்ச் அடித்தான். ரொம்ப நேரம் கழித்து பைக் போனது.

வீட்டுக்கு வந்தபோது காலில் செருப்பில்லை, முழங்கால் கிழிந்திருந்தது. மாட்டுக் கொட்டகையிலிருந்து ரத்தக் கையோடு வந்த மங்கை மகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு? சொல்லு, இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. ஓடியாந்துட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லாத. நைனாகிட்டகூடச் சொல்லாத. கேட்டியா?"

அவர்கள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பால் ஊற்றப் போன ஒரு ஆள், ரோட்டில் கிடந்த புத்தகப் பையையும் சேறான துப்பட்டாவையும் எடுத்துவந்து, ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம் யாருடையது என்று விசாரித்தார். பைக்குள் பெயர் எழுதியிருந்தது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேசியாகிவிட்டது. அந்த இரண்டு பேர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்நேரத்துக்கு அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்றுதான் கேட்டார்கள். துப்பட்டா எப்படிக் கழன்றது என்று ஒருத்தி கேட்டாள்.

பூபதி பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். அவர் கத்துவார், அடிப்பார் என்று மங்கை பயந்தாள். அவர் எதுவும் செய்யவில்லை. வந்த சட்டையோடு உட்கார்ந்து மகளுடைய முழங்காலைப் பார்த்தார்.

"போதும் பாப்பா" என்றார்.

"பரீட்சை வரப்போவுது நைனா. இன்னும் கொஞ்ச மாசந்தான்."

"அது வரிக்கும் நான் இங்கியே குந்திக்கினா அடுப்பு எரியுமா? உங்கம்மாவ தெனம் ரோட்ல நிக்க வெக்கவா? அவள இன்னா கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கறியா?"

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேருமே தெரிந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரிகிருஷ்ணன் சார் பைக்கில் வந்தார். பூபதி எழுந்து, "வாங்க சார்" என்று நாற்காலி போட்டார். மங்கை டீ கொடுத்தாள். சார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"போலீஸ்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுக்கலாங்க. நான் கூட வரேன்."

"குடுத்துட்டு? பொண்ணு பேரு நாலு பேரு வாயில பூந்து வரட்டுமா? இப்பவே வந்துக்கினுதான் இருக்குது."

"ஒத்திகைக்கு வேணாம். ஸ்பெஷல் கிளாஸுக்கும் வேணாம். நான் மேடத்துகிட்டப் பேசறேன். நல்லா படிக்கிற பொண்ணுங்க."

"பேசுவீங்க சார். மின்னாடியும் பேசனீங்க. எல்லாரும் சேந்து கத்திச் சட்டம் போட்டீங்களாமே. போன்ல சொல்றப்ப பாப்பாவுக்கு மூச்சி வாங்குச்சி, அவ்ளோ சந்தோஷம்." பூபதியின் குரலில் கோபம் இல்லை. "நான் படிக்காதவன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க தெனமும் கொண்ணாந்து வுடுவீங்களா?"

சார் வீடு திருவண்ணாமலை ரோட்டில், நேர் எதிர்த் திசையில். அவருக்கும் இரண்டு குழந்தைகள். அப்படியே கொண்டுவந்து விட்டாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"முடியாதுங்க" என்றார்.

"அதான் சார்."

கிளம்பும்போது சார் இளவேனிலிடம், "போட்டியில உன் பேச்ச வேற யாருக்கும் குடுக்க மாட்டேம்மா. தலைப்பையே மாத்திடறேன்" என்றார். அவள் தலையாட்டினாள். போட்டியைப் பற்றி அவளுக்கு அப்போது எதுவுமே தோன்றவில்லை. சார் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போயிருந்ததை அம்மா மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

திண்டிவனம் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனி இருந்தது. சுற்று வட்டாரத்துப் பெண்களெல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது படிக்கும்போது காமாலை வந்து ஒரு வருஷம் விட்டுப்போனதால், இளவேனிலுக்கு வயது பதினெட்டு ஆகியிருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். மேல்தோலையும் உள்துணியையும் ஒட்டும் பிரிவில் வேலை. பசை நாற்றம் முதல் வாரம் தலையைச் சுற்றியது, அப்புறம் பழகிவிட்டது. கம்பெனி வேன் விடியற்காலையில் பாறைமேடு கோவில்வரை வந்து ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் திரும்பவும் கோவில் வாசலிலேயே இறக்கிவிடும். அந்தச் சவுக்குத் தோப்பு வழியாகத்தான் வேன் போகும், வரும். உள்ளே பாட்டு ஓடும். ஒயின்ஷாப் பக்கம் வரும்போது பக்கத்தில் உட்காரும் பெண்கள் ஜன்னலை மூடிக்கொண்டு கதை பேசுவார்கள். ஐந்தே பேருக்காகத்தான் அந்த வேன் ஊருக்குள் வந்தது. ஐந்து பேர் போதும் என்று யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அந்த ஆள் யார், எங்கே உட்கார்ந்திருப்பார் என்று இளவேனில் சில நாள் யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் பிரவீணா போன் செய்தாள்.

"எப்டிடீ இருக்க? சாப்டியா?"

"உம். சொல்லு."

"உன் டயலாக்க எனக்குக் குடுத்துட்டாங்கடீ. சார் வேணாம்னுதான் சொன்னாரு, மேடத்துகிட்ட சண்டையே போட்டாரு. மேடம் கேக்கல. நானும் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். கோவமா?"

"இல்லடீ. இதுல இன்னா கோவம்."

"கடைசில ஒரு எடத்துல நிறுத்துவியே. நான் நிறுத்துனா சும்மா மறந்துட்ட மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க. எவ்ளோ நேரம்டீ நிறுத்தணும்?"

இளவேனில் சுவரில் சாய்ந்துகொண்டாள். கைவிரல்களில் காய்ந்த பசை தோலாக உரிந்து வந்தது. அதை உரித்துக்கொண்டே யோசித்தாள்.

"எச்சி முழுங்கு. முழுங்கிட்டுப் பேசு. அவ்ளோதான்."

"தேங்க்ஸ்டீ."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ வந்தது. இளவேனில் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தாள். விழுப்புரத்தில் பெரிய மண்டபம். பிரவீணா எதிர்க்கட்சித் தலைவராக எழுந்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை. 'பாறைமேடு' என்று சொன்னபோது அந்தப் பெயர் ஏதோ பாடத்தில் படித்த ஊரின் பெயர்போல் கேட்டது. சரியான இடத்தில் எச்சிலை விழுங்கினாள். முன் வரிசையில் பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏற்போர் ஆம் என்க" என்றான் தினேஷ்குமார். மண்டபமே "ஆம்" என்றது. அப்புறம் மைக்கைப் பிடித்த நடுவர், "இந்தப் பெண் எவ்வளவு இயல்பாக நடித்தாள் பாருங்கள்! உண்மையிலேயே அந்த ஊரில் பிறந்தவள் போல!" என்றார். ஜானகி மேடம் கேடயத்தை வாங்கினார். கூட்டத்தில் இளவேனில் அரிகிருஷ்ணன் சாரைத் தேடினாள். அவர் இல்லை.

சத்தம் கேட்டு மங்கை ஈரக்கையோடு வந்து குனிந்தாள். "நம்மூரு பேரு சொல்றாங்களேடி! திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள்.

"யாரு இந்தப் பொண்ணு? நம்ம கஷ்டத்தையெல்லாம் கூட நின்னு பாத்த மாரி சொல்லுது. குந்திக்கினு இருக்கறவங்கல்லாம் யாரு?"

"ஆபீசருங்க."

"அப்ப பஸ்ஸு வுட்டுடுவாங்க."

"அது போட்டிம்மா. நல்லா பேசுனா பரிசு குடுப்பாங்க. அவ்ளோதான்."

"போட்டியோ இன்னாவோ. இத்தினி பெரிய ஆளுங்க காதுல விழுந்துச்சா இல்லியா? கைதட்டுனாங்களா இல்லியா? ஒரு மனுசனுக்காவது தோணாதா?" மங்கையின் முகம் மாறிவிட்டது. கார்த்திகைக்கு அப்புறம் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மகள் பார்க்கவில்லை. "பஸ்ஸு வந்துச்சின்னா, அடுத்த வருசம் நீ மறுபடி சேந்துக்கலாம். நைனாகிட்ட நான் பேசறேன்."

இளவேனில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

போன் சிணுங்கியது. பிரவீணாவிடமிருந்து செய்தி.

'ஸ்டேட் லெவல் போறோம்டீ! சென்னை! மேடம் சொல்றாங்க, அங்க ஜெயிக்கணும்னா இன்னும் கொஞ்சம் உருக்கமா இருக்கணுமாம். அன்னிக்கி ரோட்ல இன்னா நடந்துச்சின்னு கொஞ்சம் சொல்றியா? பேரு எதுவும் வராது. ப்ராமிஸ். தப்பா நெனச்சிக்காதடீ, எனக்கே கேக்கறதுக்கு ஒரு மாதிரிதான் இருக்குது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிரவீணா கெட்டவள் இல்லை. மேடமும் இல்லை. சாரும் இல்லை. ஒருவர்மேலாவது முழுசாகக் கோபப்பட முடிந்திருந்தால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பதில் எழுதாமல் போனை அணைத்துத் தலைமாட்டில் வைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா பேசுவது கேட்டது. "நம்மூருக்கு சாய்ந்தரம் இன்னொரு பஸ்ஸு வருதாம். விழுப்புரத்துல ஆபீசருங்கல்லாம் குந்திக்கினு பேசிட்டாங்களாம்."

"நெசமாவா?"

"எங்க போன்லியே காட்டுச்சி."

எழுந்து போய் அது அப்படி இல்லை என்று சொல்லவேண்டும். இளவேனில் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒருத்தி வந்து சேர்ந்துகொண்டாள். அம்மா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.